தாய்மொழி வகுப்பு

தவறு என்னுடையதுதான். ‘யோடயா பாஷ’ என்று சொல்லியிருந்தால் யாங்கூனில் எந்தத் தமிழனுக்கும் புரிந்திருக்கும். பர்மியர்கள் தாய்லாந்தை அப்படித்தான் சொல்கிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நான் நாலு புத்தகம் படித்தவன். அந்த வியாதி சும்மா விடாது. கோயில் நிர்வாகியிடம் போய் அழகான தமிழில், “தாய்மொழி வகுப்பு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். செலவு அதிகம் ஆகக் கூடாது, தரமும் குறையக் கூடாது” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த வயசுல உங்களுக்கு இப்படி ஒரு எண்ணம் வந்துச்சே ஐயா. நம்ம புள்ளைங்க தமிழ்ல கேட்டா பர்மால பதில் சொல்லுதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில், பால் பல் விழுந்த ஒரு கூட்டத்தின் நடுவே என்னை உட்காரவைத்தார்கள். பலகையில் ‘அ’ எழுதியிருந்தது. பாடம் இலவசம், முடிவில் சுண்டல். நானோ நகைச்சுவை என்ற பெயரில் வருடக்கணக்காகத் தமிழில் பத்தி எழுதுகிறவன். என் பத்திகளைப் படித்த யாரோ பழி வாங்குகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். எழுந்துபோய் விஷயத்தைச் சொன்னபோது நிர்வாகியின் கலங்கிய கண் அப்படியே காய்ந்துவிட்டது.

“யோடயாவா? அத எதுக்குத் தாய்மொழின்னீங்க?” என்றார். சுண்டலைத் திருப்பிக் கேட்பார் போலிருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். மகள் பாங்காக்கில் தோல் அழகு நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இங்கே அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எங்காவது கிளம்பிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் அவளும் போனாள். அங்கே ஒரு தாய்லாந்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்து, தீர்மானித்த பிறகு எங்களுக்குத் தகவல் சொன்னாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் அப்பாவோடு போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மழைக்காலம் முடிந்ததும் பேச்சு.

“நான் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் மாத்திச் சொல்றேன்ப்பா. நீங்க சும்மா சிரிச்சாப் போதும்” என்றாள் மகள்.

எனக்கு அது போதவில்லை. என் மனைவிக்குச் சுத்தமாகப் போதவில்லை.

“பொண்ணக் குடுக்குறோம். சம்பந்தியம்மாகிட்ட நம்ம வாயால ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? எம் பொண்ணப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னு. அதையும் அவளே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?” என்றாள். “நீங்க படிச்சவருதானே. படிச்சுக்கங்க. கல்யாணத்துக்குப் போறப்ப எனக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க.”

முதலில் லத்தா பேட்டைக்குப் போனேன். சீனக் கடைகளுக்கு மேலே, செங்குத்தான படிகளின் முடிவில் ஒரு மொழிப் பள்ளி. ஜப்பானியம், கொரியம், தாய் என்று நாட்டை விட்டு ஓடுவதற்குத் தேவையான எல்லா மொழிகளும் அங்கே கிடைத்தன. வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் வெளிநாட்டவர் கட்டணத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பர்மியத்தில் இந்த ஊர்க்காரன்தான் என்றேன்.

“பர்மியம் ரொம்ப நல்லாப் பேசுறீங்களே அங்கிள். எங்க கத்துக்கிட்டீங்க?”

“பிரசவ ஆஸ்பத்திரியில” என்றேன்.

அடையாள அட்டை கேட்டாள். என்னிடம் இருப்பது நீல அட்டை. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அதனால் பேரனுக்கு முழுக் குடியுரிமை இல்லை. அந்த அட்டையின் பர்மியப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘விருந்தாளிக் குடிமகன்’. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் மேலாளரைக் கேட்டாள். மேலாளர் நியாயமான மனிதர். விருந்தாளி என்றால் பாதி வெளிநாடு, எனவே கூடுதல் கட்டணத்தில் பாதி என்று தீர்ப்புச் சொன்னார்.

கட்டினேன். வகுப்பில் எல்லோரும் என் மகளைவிடச் சின்னவர்கள். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முகத்தில் ஒரே அவசரம். ஆசிரியரும் தீயணைப்பு வண்டி ஓட்டுகிற வேகத்தில் பாடம் நடத்தினார். நான் சந்தேகம் கேட்கக் கை தூக்கினால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் மரியாதையைத் தவிர எல்லாம் இருந்தது. இரண்டாவது வாரம் ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார்.

“ஊலே, நீங்க அங்க வேலைக்குப் போகப் போறீங்களா?”

ஊலே என்றால் மாமா மாதிரி. மரியாதையாக வெளியே தள்ளுவதற்கு ஏற்ற சொல். கல்யாணத்துக்கு என்றேன்.

“அப்ப அவசரம் இல்ல. உங்க நாற்காலிக்கு உசிருக்கு அவசரமா ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்கான்.”

எழுந்துவிட்டேன். கட்டிய கட்டணம் என்னோடு எழுந்து வரவில்லை.

அடுத்தது க்யிம்யிண்டைங் படகுத்துறை. அங்கே தேநீர்க்கடை ஒன்றில் தாய்லாந்து மீன்பிடிக் கப்பலில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் மொழி சொல்லித்தருவதாகக் கேள்விப்பட்டேன். தேநீரும் சுருட்டும்தான் சம்பளம். மலிவு என்றால் அதுதான் மலிவு. அவர் சரளமாகப் பேசினார், சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த வாக்கியங்கள் எல்லாம் கட்டளைகளாகவே இருந்தன. இழு, தூக்கு, சீக்கிரம், தின்னு முடிச்சியா, எழுந்திரு. ‘நீ’ என்பதற்கு ‘முங்’ என்று சொல்லிக்கொடுத்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்த்தி.

ஒரு மாதம் தட்டினேன். பிறகு மகளிடம் போனில் பெருமையோடு, நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று அந்தப் பாஷையில் கேட்டேன்.

“அப்பா, இத எங்க படிச்சீங்க?”

“படகுல.”

“இங்க நாயக்கூட யாரும் இப்படிக் கூப்பிட மாட்டாங்க. தயவுசெஞ்சு அவங்க முன்னாடி வாயத் தொறக்காதீங்க. நானே பேசிக்கிறேன்.”

அந்த மனிதரை அங்கே யார் எப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஒருவேளை அவருக்கு இன்னும் தெரியாது. கடைசியாக ஒரு கட்டு சுருட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மூன்றாவதாக, என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையிலேயே, ஒரு அம்மாள் கிடைத்தார். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். இளமையில் கணவரோடு தாய்லாந்தில் நிறைய நாள் வாழ்ந்தவர். நாங்கள் ஆசிரியையை ‘ஸயாமா’ என்போம். ஆண் ஆசிரியர் ஸயா, பெண் என்றால் கடைசியில் ஒரு ‘மா’. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பணம் வேண்டாம். பணம் நாளைக்குப் பணமா இருக்குமான்னு யாருக்குத் தெரியும். வகுப்புக்கு வரும்போது தோசை கொண்டு வாங்க. உங்க வீட்டம்மா சுட்டதா இருக்கணும், கடையில வாங்கினது எனக்குத் தெரிஞ்சிடும்.”

என் மனைவி அன்று முதல் மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து மாவு ஆட்டத் தொடங்கினாள். மின்சாரம் வராத நாட்களில் ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். என் படிப்புக்கு அவள் தோள் வலித்தது. செலவில்லாத வகுப்பு கிடைத்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் பர்மியம் பேசக் கூடாது என்றார். தாய்மொழியில் ஆசிரியருக்கு ‘க்ரூ’ என்று பெயர். நான் பழக்கதோஷத்தில், பெண் ஆசிரியைதானே என்று கடைசியில் ஒரு ‘மா’வை ஒட்டவைத்து, நம் ஊர் வழக்கப்படி அன்பாக இழுத்து, குரலை மேலே தூக்கி, “க்ரூமா?” என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“‘மா’வை நேரா சொன்னா ‘வா’ன்னு அர்த்தம். அப்படித் தூக்கிச் சொன்னா நாய். டீச்சர் நாயேன்னு கூப்பிட்டிருக்கீங்க. பரவாயில்ல, தோசை நல்லா இருக்கு.”

பேச விடவே இல்லை. “பேசுறது யாருக்கும் வரும். கேக்குறதுதான் உங்களுக்கு வரல. உங்க பர்மியத்துலயும் அந்தக் கோளாறு இருக்கு. இத்தனை வருஷமா யாரும் சொல்லாதது மரியாதைக்கு” என்றார். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, தன் போனிலிருந்து தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடர்களின் ஒலியை மட்டும் போடுவார். எல்லாம் மாமியார் மருமகள் சண்டை. ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் யார் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அதே சண்டையைத் திரும்பப் போடுவார். சுவரைப் பார்த்தபடி நான் கேட்ட பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் காது திறந்தது. மூளை புரிந்துகொள்வதற்கு முன்பே காது சுளித்தது.

ஒரு நாள் ‘கேக்’ என்று ஒரு சொல் வந்தது. நான் பேக்கரியை நினைத்தேன்.

“விருந்தாளி” என்றார் ஸயாமா. “அப்புறம், உங்கள மாதிரி ஆளுங்களுக்கும் அங்க அதுதான் பேரு. இந்தியாக்காரன், மூக்கும் நிறமும் உங்க மாதிரி இருக்கிற எல்லாரும் கேக்தான்.”

எனக்கு அபார சந்தோஷம். இங்கே தெருவில் நாங்கள் ‘கலா’, இந்தியாக்காரனை இளக்காரமாகச் சொல்கிற பெயர். அதை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே விருந்தாளியாமே என்றேன்.

“ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளியப் பாத்தா எழுந்து நிப்பாங்க. இந்த விருந்தாளி பக்கத்துல வந்து உக்காந்தா கைப்பைய இழுத்து மடியில வச்சுக்குவாங்க.”

வீட்டில் மனைவியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

“நம்மள விருந்தாளின்னா சொல்றாங்க?” என்றாள் அவள். “நல்ல சனங்க. நம்ம பொண்ணு நல்ல எடத்துலதான் விழுந்திருக்கா.”

மழை ஓய்வதற்குள் என் வாக்கியம் தயாராகிவிட்டது. ‘ஃபாக் லூக் ஸாவ் துவய் நா க்ராப்.’ என் மகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ‘ஃபாக்’ என்பது நல்ல சொல். கடையில் பையைக் கொடுத்து வைப்பதற்கும் அதுதான், பெண்ணைக் கொடுப்பதற்கும் அதுதான். ஸயாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இத ஒரு தாய்லாந்துக்காரன் சொன்னா நான் நம்புவேன்” என்றார். அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு.

பேச்சு ஒரு சாயங்கால நேரத்தில். காலையிலேயே மகள் கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னாள்.

“அப்பா, நெத்தியில விபூதி வேணாம். வெளிச்சத்துல பளபளன்னு அடிக்கும். அப்புறம், நீங்க மட்டும் கேமராவுல இருங்க. ரெண்டு பேர் உக்காந்தா படம் சரியா வராது. அம்மாவ நான் தனியாப் பேச வைக்கிறேன்.”

நியாயமாகத்தான் பட்டது. விபூதியைத் துடைத்தேன். மனைவி விடிந்ததிலிருந்து பட்டுப்புடவையில் இருந்தாள். மூக்குத்தியைத் துடைத்துப் போட்டு, குங்குமம் வைத்து, பூ வைத்து, சம்பந்தியம்மாவைப் பார்க்கத் தயாராக. விஷயத்தைச் சொன்னதும், “சரி, கொரலாவது கேக்கலாம்ல” என்று ஸ்டூலை என் பக்கவாட்டில், போனுக்குத் தெரியாத இடத்தில் போட்டுக்கொண்டாள். அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் மின்சாரம் போய்விட்டது. சார்ஜ் விளக்கை எடுத்து அவள் என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பேச்சு முடியும் வரை பிடித்தபடியே இருந்தாள்.

திரையில் மகளும் அந்த அம்மாளும் தெரிந்தார்கள். மகள் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தாள். வேலை செய்யும் இடத்தில் சலுகை உண்டு. சம்பந்தியம்மா கும்பிட்டார். நான் கும்பிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகள் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டார். அதில் ‘கேக்’ இருந்தது. உங்க அப்பா கேக்கா?

“இல்லங்க. பர்மாக்காரர்தான். வெயில்ல ரொம்ப அலைஞ்சு கறுத்துட்டாரு” என்றாள் மகள், தாய்மொழியில். அப்புறம் என்னிடம் தமிழில், “அப்பா, உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கிறாங்க” என்றாள்.

பக்கத்தில் மனைவியின் முகம் மலர்ந்தது. விளக்கு லேசாக ஆடியது.

நான் சிரித்தேன். சிரித்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தாளே. சம்பந்தியம்மா விடவில்லை. அவர் போனுக்கு அருகே வந்து, காது கேட்காதவனிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி, என்னையே கேட்டார். அப்பா, நீங்க கேக்கா, இல்லையா?

மகளின் முகத்தில் நான் ஒரு விநாடி பயத்தைப் பார்த்தேன். எனக்குப் புரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். படகு பாஷைக்குப் பிறகு நான் ஸயாமாவைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன்.

“மை சாய் க்ராப்” என்றேன். இல்லைங்க. “பர்மாக்காரன்தான். இங்க வெயில் அதிகம்.”

ஒவ்வொரு தொனியும் இடம் பிசகாமல் விழுந்தது. எங்கள் தெருவில் எந்தக் குழந்தையும் நம்பாத பொய்யை வேற்று நாட்டு அம்மாள் ஒருவர் முழுதாக நம்பினார். நிம்மதியாகச் சிரித்து மகளிடம் சொன்னார்: “எவ்வளவு தெளிவாப் பேசுறாரு. கேக்குங்க பேசினா ஒண்ணும் புரியாது.”

மகள் இதை மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் இருந்தது நன்றி என்றுதான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். நான் வாக்கியத்தைச் சொன்னேன். மகளை ஒப்படைத்தேன். சம்பந்தியம்மா மறுபடி கும்பிட்டு, அம்மா எங்கே, அவங்களும் கல்யாணத்துக்கு வருவாங்கல்ல என்று கேட்டார்.

“மே மை சபாய்” என்றாள் மகள். ‘மே’ அம்மா, ‘சபாய்’ சுகம், நடுவில் வரும் ‘மை’ என்றால் ‘இல்லை’. அம்மாவுக்கு உடம்பு சுகமில்லை. பயணம் முடியாது.

அம்மா கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, ஒரு கை வலித்ததால் விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். உறுதி செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

“க்ராப்” என்றேன். ஆமாம்.

பேச்சு முடிந்த உடனே மகளிடமிருந்து செய்தி வந்தது. ‘நீங்க பேசினது சூப்பர்ப்பா. கல்யாணத்துக்கு நீங்க மட்டும் வாங்க. அம்மாகிட்ட பாஸ்போர்ட் லேட்டாகும்னு சொல்லிருங்க.’ பின்னால் ஒரு இதயம்.

மனைவி விளக்கை அணைத்து வைத்துவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

“என்னைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“நம்ம புள்ள என்ன சொன்னா?”

“நீ நல்லா இருக்கேன்னு சொன்னா.”

அவள் பூவை எடுத்துத் தட்டில் வைத்தாள். “பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலாம்னு நெனச்சேன், வாயில ஒண்ணும் வரல. நேர்ல பாக்கும்போது நானே சொல்லணும். நான் நல்லா இருக்கேங்கிறத யோடயால எப்படிச் சொல்றது?”

சரியானதைச் சொல்லிக்கொடுத்தால் அவள் அதை மகளிடம் போனில் சொல்லிப் பார்ப்பாள், என்றாவது மகளுக்குப் பின்னால் அந்த அம்மாள் நிற்கும்போது உரக்கச் சொல்லுவாள். இவ்வளவும் நான் யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“மே மை சபாய்” என்றேன்.

“மே மை சபாய்” என்றாள். எனக்கு வாரக்கணக்கில் வராத தொனி அவளுக்கு முதல் தடவையிலேயே ஏறக்குறைய வந்துவிட்டது.

“‘மை’ல மட்டும் குரல் மேலேருந்து கீழ விழணும்.”

விழுந்தது.